கம்பம் பள்ளத்தாக்கின் சிறு திராட்சைத் தோட்டத்தில் ஓர் ஆண்டு



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல ஆண்கள் வார்டைச் சுற்றிவந்துகொண்டிருந்தோம். முந்தின இரவு சேர்க்கப்பட்டிருந்த ஒருவர் காய்ச்சலோடு படுத்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வலது பாதத்தில் பெரிய கட்டு. "எப்போது காலில் அடிபட்டது?" என்று செவிலியர் கேட்டார். அவர் தேதியும் சொல்லவில்லை, மாதமும் சொல்லவில்லை. "கவாத்து முடிஞ்ச மறுநாள்" என்றார். "இன்றைக்கு எத்தனை நாளாகிறது?" என்று கேட்டதற்கு, சற்றும் யோசிக்காமல், "தொண்ணூத்தி நாலாம் நாளு" என்றார்.

அவர் கம்பம் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் ஏக்கர் திராட்சை வைத்திருப்பவர். நெடுநாளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். கவாத்துச் செய்த கொடியின் வெட்டுக் குச்சி ஒன்று வெறுங்காலில் குத்தியிருக்கிறது. பாதம் மரத்துப் போயிருந்ததால் வலி தெரியவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று மாதம் வேலை செய்திருக்கிறார். உடனே அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது அவர் எங்கள் பக்கம் திரும்பி, "ஐயா, இன்னும் இருபத்தாறு நாள் போகட்டும். பழத்தை எடுத்துட்டு நானே வந்துடறேன். அப்புறம் காலை என்ன வேணாலும் செய்யச் சொல்லுங்க" என்றார்.

அன்று அவரை அறியாமையுள்ளவர் என்று நினைத்தோம். பின்னர் அவருடைய தோட்டத்திற்குப் பலமுறை போய் வந்த பிறகுதான், அந்த இருபத்தாறு நாளின் கணக்கு எங்களுக்குப் புரிந்தது. எங்கள் நோயாளிகளில் பலர் ஏன் தாமதமாக வருகிறார்கள் என்பதும் அதனோடு சேர்ந்து புரிந்தது. அதை உங்களுக்கும் விளக்கிச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பள்ளத்தாக்கும் பன்னீர் திராட்சையும்

தேனி மாவட்டத்தின் தென்கோடியில், ஒருபுறம் கேரள எல்லை மலைகளும் மறுபுறம் மேகமலையும் சூழ, கம்பம் பள்ளத்தாக்கு நீண்டு கிடக்கிறது. முல்லைப் பெரியாறு இதன் நடுவே ஓடுகிறது. 1895ஆம் ஆண்டு பென்னிகுயிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர்தான் இந்தப் பூமியை நெல்லும் வாழையும் தென்னையுமாக வாழவைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ஆனைமலையன்பட்டி, கூடலூர் முதலான ஊர்களில் நெல் வயலைக் கடந்ததும் கல்தூண்களும் கம்பிப் பந்தல்களும் தென்படும். அவைதாம் திராட்சைத் தோட்டங்கள்.

இங்கு விளைவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. கருநீல நிறம், விதையுள்ள பழம், வாயிலிட்டால் பன்னீர் மணம். நூல்களில் இதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழ்நாட்டிற்குக் கொண்டுவந்தது என்று வட்டாரத்தில் சொல்லப்படுகிறது. 2023ஆம் ஆண்டு 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடு பெற்றது. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் ஓர் ஏக்கர்க்காரருடைய அன்றாடக் கவலையை அது இன்னும் அதிகம் மாற்றிவிடவில்லை.

தோட்டம் போடுவதே பெரிய முதலீடு. இரண்டடி ஆழத்துக்குக் குழியெடுத்து, தொழு உரமிட்டு, ஆனி ஆடி வாக்கில் வேர்விட்ட குச்சிகளை நடுகிறார்கள். வரிசைக்கு வரிசை மூன்று மீட்டர், கொடிக்குக் கொடி இரண்டு மீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 670 கொடிகள் வரும். கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி இழுத்துப் பந்தல் போட வேண்டும். ஒவ்வொரு கொடியையும் ஒற்றைத் தண்டாகப் பந்தல் வரை ஏற்றி, நுனியைக் கிள்ளி, எதிரெதிர்த் திசையில் இரண்டு கைகளாகப் பிரித்துவிடுகிறார்கள். அந்தக் கைகளிலிருந்து கிளைகளும் கிளைகளிலிருந்து கிளைகளுமாகப் பந்தல் நிரம்பப் பல மாதங்கள் ஆகும். காசு கண்ணில் படும் முன்பே கடன் ஏறிவிடுகிறது.

குளிர்காலம் இல்லாத ஊரில் கவாத்து

திருமறையில் திராட்சைத் தோட்டத்தைப் பற்றிப் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாலஸ்தீன நாட்டில் குளிர்காலம் வந்தால் கொடி இலையுதிர்த்து உறங்கிவிடும். உறங்கும் கொடியை வெட்டிச் சீர்செய்வார்கள். வசந்தத்தில் துளிர்க்கும், கோடையின் முடிவில் பழுக்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. கொடிக்கும் மனிதனுக்கும் ஓய்வுக்காலம் ஒன்று தானாகவே கிடைத்துவிடும்.

கம்பத்தில் அப்படிப்பட்ட குளிர் கிடையாது. கொடி உறங்குவதே இல்லை. வெட்டாமல் விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும், ஒழுங்காகக் காய்க்காது. ஆகவே கத்தரியை எடுத்து மனிதனே கொடிக்கு ஒரு குளிர்காலத்தை உண்டாக்குகிறான். பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்துகிறார்கள். பிறகு பந்தல் முழுவதையும் வெட்டுகிறார்கள். முற்றிய கொடியில் நான்கு கணுவை விட்டுவிட்டு மீதியை நறுக்குகிறார்கள். நலிந்த கொடியாக இருந்தால் ஒன்றிரண்டு கணுதான். நேற்றுவரை நிழல் தந்த பந்தல் மறுநாள் வெறுங்கம்பியாக நிற்கும். முதல்முறை பார்க்கிறவருக்கு மனம் பதைக்கும்.

யோவான் சுவிசேஷத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இந்த வேலைக்குச் 'சுத்தம்பண்ணுதல்' என்ற சொல்லே வருகிறது. கிரேக்க மூலச்சொல்லும் அதே பொருளுடையது என்று இறையியல் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். அங்கே அதை ஒரு சொல்லாகவே கற்றோம். அந்த வெறும் பந்தலின் கீழ், காலில் குத்தும் வெட்டுக்குச்சிகளின் நடுவே நின்றபோதுதான், சுத்தம்பண்ணுதல் எவ்வளவு கடுமையான வேலை என்று கண்டோம். அந்தக் குச்சிகளையும் காய்ந்த இலைகளையும் அள்ளி வெளியேற்றியாக வேண்டும். பழைய நோயின் வித்துகள் அவற்றில்தான் தங்கியிருக்கும்.

கவாத்து நாள்தான் இவர்களுக்கு ஆண்டுப் பிறப்பு. அன்றிலிருந்து ஏறத்தாழ 120 நாளில் அறுவடை. மார்கழி தை வாக்கில், அதாவது டிசம்பர் ஜனவரியில், வெட்டினால் ஏப்ரல் மே மாதங்களில் கோடை அறுவடை. மே ஜூனில் வெட்டினால் ஆகஸ்டு செப்டம்பரில் அடுத்த அறுவடை. ஒவ்வொரு தோட்டக்காரரும் நாளை முன்பின்னாக வைத்துக்கொள்வதால், பள்ளத்தாக்கு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு முழுவதும் எங்கேனும் பழம் இருக்கும்.

இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுக்கிறவர்களும் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 730 நாளை ஐந்தால் வகுத்தால் 146 நாள். அதில் 120 நாள் பயிருக்குப் போக மிஞ்சுவது 26 நாள். கொடிக்கும் குடும்பத்துக்கும் கிடைக்கும் ஓய்வு அவ்வளவே. கலியாணம், காதுகுத்து, வீட்டுக்கூரை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த 26 நாளுக்குள் அடங்க வேண்டும்.

துளிர் முதல் பூ வரை

கவாத்துக்குப் பின் உரமிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் இரண்டு வாரத்தில் கணுக்கள் வெடித்துத் துளிர் வரும். துளிர்களைப் பந்தலில் பரப்பிக் கட்டுவது, பற்றுக்கம்பிகளைக் கிள்ளி எறிவது, நீண்டு போகும் நுனியைப் பன்னிரண்டு பதினைந்து கணுவில் கிள்ளி நிறுத்துவது எல்லாம் வரிசையாக வரும். இவற்றில் பெரும்பகுதி பெண்களின் வேலை. பந்தல் தலைக்கு மேலே இருக்கிறது. கழுத்தை அண்ணாந்து, இரு கையையும் உயர்த்தியபடி காலை முதல் மாலை வரை நிற்க வேண்டும். தோள்வலி, கழுத்துவலி என்று எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண்களிடம் இப்பொழுதெல்லாம், "பந்தல் வேலையா அம்மா?" என்று கேட்கிறோம். ஆம் என்ற பதிலே அடிக்கடி வருகிறது.

இந்தக் கொடியின் இன்னொரு இரகசியத்தையும் அறிய வேண்டும். அடுத்த அறுவடையின் பூங்கொத்து, இந்த அறுவடை நடந்துகொண்டிருக்கும்போதே, துளிரின் கணுவிலுள்ள மொட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்த நாள்களில் நல்ல வெயில் கிடைக்க வேண்டும். இலை அடர்ந்து நிழல் கவிந்தால், அல்லது வானம் பல நாள் மூடிக்கிடந்தால், அடுத்த பயிரில் கொத்து குறையும். ஆகவே ஒரு பயிரைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு பயிர் கெடும். "இந்தத் தடவை போனால் போகட்டும்" என்று தோட்டக்காரர் சொல்லமுடியாததற்குக் காரணம் இதுதான்.

மருந்தடிப்பு

துளிர் இளசாக இருக்கும்போதும் பூக்கும்போதும் நோய் விரைந்து தாக்கும். அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், பழத்தில் கண் கண்ணாக விழும் பறவைக்கண் நோய் ஆகிய மூன்றும் முக்கிய எதிரிகள். ஐப்பசி கார்த்திகை மழையில் சிக்கிக்கொள்ளும் பயிருக்கு ஆபத்து மிக அதிகம். இரண்டு நாள் தூறலில் முழுத்தோட்டமும் போய்விடக்கூடும்.

பழைய மருந்து போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். தனித்தனியே கரைத்துக் கலந்தபின், பளபளப்பாகத் தீட்டிய இரும்புக் கத்தியை அதில் முக்கிப் பார்ப்பார்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பிரான்சு தேசத்தின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் பழத்தைப் பறிக்காதிருக்க வழியோரக் கொடிகளில் இதைத் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் மட்டும் நோயின்றி இருந்ததைக் கண்ட மில்லார்டே என்ற பேராசிரியர், 1885இல் இதன் பயனை உலகுக்கு அறிவித்தார்.

ஆனால் கொடிக்கு மருந்தாவது மனிதனுக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை. போர்த்துகல் நாட்டில் பல ஆண்டு இந்தக் கலவையைத் தெளித்துவந்த தொழிலாளரின் நுரையீரல் கெட்டிருந்ததை அந்நாட்டு மருத்துவர்கள் 1969இல் எழுதியிருக்கிறார்கள். இன்று இதைவிடக் கடுமையான பூச்சிமருந்துகளும் புழக்கத்தில் உள்ளன. வயலில் மருந்தடித்தால் துளி கீழே விழும். பந்தலில் மேல்நோக்கி அடிக்க வேண்டியிருப்பதால் துளி அடிப்பவர் முகத்திலும் கழுத்திலும் விழுகிறது. முதுகில் தெளிப்பான், மேலே சட்டை கூட இல்லாமல் வேலை செய்கிறவர்களைக் கண்டிருக்கிறோம்.

இவ்விடத்தில் மூன்று செய்திகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலாவது, மருந்தடித்தவருக்கு வாயில் எச்சில் ஊறி, வியர்த்துக் கொட்டி, கண்மணி சுருங்கி, தசை துடித்தால் அது நஞ்சு ஏறியதன் அடையாளம். உடுப்பைக் கழற்றி, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். டப்பாவைப் பார்த்தால்தான் மருத்துவருக்கு மாற்று மருந்து தெரியும்.

இரண்டாவது, துளிர் ஒரே சீராக வெடிப்பதற்காகக் கவாத்து முடிந்ததும் கணுக்களில் ஹைட்ரஜன் சயனமைடு பூசும் வழக்கம் திராட்சை விளையும் வட்டாரங்கள் பலவற்றில் உண்டு. அதைத் தொட்டு வேலை செய்தவர் அலுப்புத் தீர மது அருந்தினால், முகம் சிவந்து, மூச்சு முட்டி, இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மதுவை உடல் செரிக்கும் வழியை அந்த மருந்து அடைத்துவிடுகிறது. பூசிய சில நாள்களுக்கு மதுவைத் தொடவே கூடாது.

மூன்றாவது, மீந்த மருந்தை வீட்டுப் பரணில் வைக்கலாகாது. கடன் நெருக்கும் இரவில், கையெட்டும் தூரத்தில் அந்தப் பாட்டில் இருப்பதால் நேர்ந்த துக்கங்களை நாங்கள் அருகிலிருந்து கண்டவர்கள். பூட்டிய பெட்டியில், தோட்டத்திலேயே வைக்கும்படி ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவருகிறோம்.

காய் முதல் கூடை வரை

காய் பட்டாணி அளவு வந்ததும் நெருக்கமான கொத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு காயைக் கத்தரியால் எடுத்துவிடுகிறார்கள். மீதிக் காய் பெருக்க இடம் வேண்டும். பிறகு நிறம் ஏறத் தொடங்கும். மைனாவும் கிளியும் பகலில் வரும், வௌவால் இரவில் வரும். வலை கட்டினாலும் ஆள் ஒருவர் தோட்டத்தில் படுத்தே ஆகவேண்டும். அறுவடைக்குப் பதினைந்து நாள் முன் தண்ணீரை நிறுத்துகிறார்கள். அந்த வேளையில் கோடைமழை ஒன்று கொட்டினால் பழம் வெடித்துவிடும். 119 நாள் உழைப்பு ஒரு மாலைப்பொழுதில் வீணாகும்.

மாங்காயைப் பறித்துவந்து வைக்கோலில் பழுக்கவைக்கலாம். திராட்சைக்கு அது நடக்காது. பறித்தபின் அது மேலும் இனிக்காது. ஆகையால் முன்கூட்டிப் பறிக்க வழியில்லை. கொடியில் நெடுநாள் விட்டுவைக்கவும் வழியில்லை. பன்னீர் திராட்சை பறித்தபின் அதிக நாள் தாங்காது, காம்பிலிருந்து உதிர்ந்துவிடும். வியாபாரி வந்து விலை சொல்லும் அன்று, "அடுத்த வாரம் வாருங்கள்" என்று சொல்லும் பலம் சிறு தோட்டக்காரருக்கு இல்லை. இதனால் அறுவடைக்கு முந்தின சில வாரங்களில் வீட்டுத் தலைவர் தோட்டத்தைவிட்டு அசையமாட்டார்.

அறுவடை விடியற்காலையில் நடக்கிறது. பழத்தின் மேலுள்ள வெண்பூச்சு கலையாதபடி காம்பைப் பிடித்து வெட்டி, கெட்ட பழங்களை நீக்கி, தாள் விரித்த பெட்டிகளில் அடுக்குகிறார்கள். லாரிகள் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் கேரளத்துக்கும், மறுபுறம் மதுரைக்கும் புறப்படுகின்றன. வந்த பணத்தில் மருந்துக்கடைப் பாக்கி, உரக்கடைப் பாக்கி, வட்டி ஆகியவை போனபின் மீதி இருப்பதுதான் குடும்பத்துக்கு.

நாங்கள் கற்றது

அந்தத் தொண்ணூற்று நாலாம் நாளுக்கு வருவோம். அவருடைய காய்ச்சலும் புண்ணின் ஆழமும் இருபத்தாறு நாள் பொறுக்கும் நிலையில் இல்லை. நாங்கள் அவருடைய மனைவியிடம் பேசினோம். அவர் சிறிது நேரம் அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொடியைப் பார்த்த மனுசன் காலைப் பார்க்கல, ஐயா. வெட்டச் சொல்லுங்க. தோட்டத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்த வாரமே இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

தோட்டமும் தப்பியது. பக்கத்துப் பந்தல்காரர்கள் இருவர் முறைவைத்து இரவுக் காவல் படுத்தார்கள். மருந்தடிப்பையும் பார்த்துக்கொண்டார்கள். 121ஆம் நாள் அந்த அம்மாளே நின்று பழத்தை எடை போட்டார். விலை சுமாராகத்தான் கிடைத்தது. ஆயினும் கொத்து ஒன்றை எங்களுக்கென்று கொண்டுவந்து வார்டில் எல்லாருக்கும் பகிர்ந்தார்.

அதற்குப் பின் எங்கள் வழக்கம் ஒன்று மாறிற்று. அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து வருகிறவர்களிடம், "கவாத்து எப்போது?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறோம். தள்ளிப்போடக் கூடிய அறுவையானால், கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றை, அறுவடைக்கும் அடுத்த கவாத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் வைக்கிறோம். தள்ளிப்போடக் கூடாததானால் நோயாளியை அதட்டுவதை விட்டுவிட்டு, தோட்டத்தை யார் பார்ப்பார்கள் என்ற பேச்சை முதலில் எடுக்கிறோம். அதற்கு விடை கிடைத்துவிட்டால் பெரும்பாலோர் மறுப்பதில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பைக் கொடுக்கும்போது, கவாத்து நாளன்று இதைக் கழற்றலாகாது என்று தனியாகச் சொல்கிறோம்.

சென்ற முறை அவருடைய தோட்டத்துக்குப் போனபோது பந்தல் வெறிச்சென்று இருந்தது. கவாத்து முடிந்து நான்காம் நாள். செருப்புப் போட்ட காலைச் சற்றே சாய்த்து வைத்து நடந்தபடி, வெட்டுக்குச்சிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கணுவைக் காட்டி, "ஐயா, இதுக்குள்ளதான் இருக்கு இந்த வருசம்" என்றார். வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "அடுத்த பரிசோதனைக்கு எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"முப்பதாம் நாள்" என்றார். சொன்னபடியே வந்தார்.